செவிலி கூற்று

இரண்டாம் ஆண்டு இளங்கலை மாணவர்க்கு அகத்திணை நடத்துகையில் ‘கூற்று’ என்னும் பகுதிக்கு வந்து சேர்வது ஆண்டுதோறும் எமக்கு மகிழ்ச்சி தரும் வேலை. யார் பேசலாம், எந்த இடத்தில் பேசலாம், யாரை நோக்கிப் பேசலாம் என்றெல்லாம் இலக்கணம் வகுத்து வைத்த மொழி நம்முடையது. தலைவன், தலைவி, தோழி, நற்றாய், செவிலி, பாங்கன், கண்டோர் எனக் கரும்பலகையில் வரிசையாக எழுதி வருவோம். 2022ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒருநாள் அவ்வாறு எழுதிக்கொண்டிருந்தபோது பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, செவிலின்னா நர்ஸ்தானே?” என்றார். வகுப்பு சிரித்தது. யாமும் சிரித்து, “இல்லை தம்பி, இவள் வளர்ப்புத்தாய்” என்று சொல்லி அப்பால் சென்றிருக்க வேண்டும். செல்ல இயலவில்லை. சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தபடி சிறிது நேரம் வாளா நின்றோம். அன்று விடியலில் எம் வீட்டில் கண்ட ஒரு காட்சி கண்முன் வந்து நின்றுவிட்டது.

ஃபஜ்ருத் தொழுகைக்குப் பாங்கு ஒலிக்கக் கால்மணி நேரம் இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்த யாம், கூடத்தில் ஓர் உருவம் குனிந்து நிற்பதைக் கண்டோம். எம் தமக்கையார். பாயில் உறங்கிய தம் மூன்று வயதுப் பேரக்குழந்தையின் மார்பை நோக்கியபடி, கைப்பேசி வெளிச்சத்தில் தம் கைக்கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னக்கா?” என்றோம்.

“எண்ணிக்கிட்டிருக்கேன் தம்பி. இருபத்தாறு. பிள்ளைக்கு இது சரியான கணக்குத்தான்.”

அவர் எண்ணுவது மூச்சை என்பது விளங்க எமக்குச் சற்று நேரம் பிடித்தது. தினமும் எண்ணுவீர்களா என்று கேட்டோம்.

“எல்லாருக்கும்தான். அம்மாவுக்கு, பிள்ளைக்கு, உனக்கு. நீ மூச்சு விடுறதே தெரியாம தூங்குற. அதனால உனக்கு மட்டும் ரெண்டு தடவை எண்ணணும்.”

எத்தனை இரவுகளாக எம் உறக்கத்தின் அருகே அப்படி வந்து நின்றிருக்கிறார் என்பதை அன்றுவரை யாம் அறிந்திலோம். அன்று தொற்றுநோய் வார்டுகள் பலவும் மூடப்பட்டிருந்தன. முகக்கவசம் அணிந்தவர் தெருவில் அருகிவிட்டனர். எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊரே நம்பிய காலம் அது.

தமக்கையார் அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியர். கால் நூற்றாண்டுப் பணி. மச்சான் நெடுங்காலமாக வளைகுடா நாட்டில் இருப்பதால், தமக்கையாரும் மகளும் பேரனும் எம்முடன் பெற்றோர் வீட்டிலேயே வாழ்ந்து வருகின்றனர். இக்கட்டுரையை அவர் இசைவு பெற்றே எழுதுகிறோம். எழுதியதை அவருக்குப் படித்தும் காட்டினோம். இரண்டு இடங்களில் “இது கூடுதல் தம்பி” என்றார், அவ்விரண்டையும் நீக்கிவிட்டோம். மருத்துவமனையின் பெயரும் ஊரும் ஈண்டு வேண்டா.

2020 மார்ச் 22ஆம் நாள் மாலை 5 மணிக்கு நாடு முழுதும் மக்கள் மாடிகளிலும் வாயில்களிலும் நின்று நலப்பணியாளர்க்காகக் கைதட்டினார்கள். யாமும் மொட்டைமாடியில் நின்று தட்டினோம். தமக்கையார் அவ்வேளையில் பணியில் இருந்தார். ஒரு திங்கள் கழிவதற்குள், சென்னையில், தொற்றால் உயிர்நீத்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. உடன் பணிபுரிந்த மருத்துவரே இரவில் மண்ணை வாரித் தள்ளி நண்பரை அடக்க நேர்ந்தது. அதற்குச் சில நாள்களில், ஏப்ரல் 22 அன்று, 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி, நலப்பணியாளரைத் தாக்குவோர்க்குக் கொடுங்காய வழக்கில் ஏழாண்டு வரை சிறை என்று நடுவணரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. எம் தெருவில் கல் எறியப்படவில்லை. பால்காரர் பாக்கெட்டை முனையிலேயே வைத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். அதையும் தமக்கையார் குறையாகச் சொன்னதில்லை. “அவரும் பிள்ளைக்குட்டிக்காரர்” என்றார்.

அந்நாள்களின் பணிமுறையைப் பலர் இன்னும் அறியார். உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடிய காப்புடை. அதை அணிந்த பின் பணிமுறை முடியும்வரை தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. வியர்வை காலுறையில் வந்து தேங்கும். எல்லாரும் ஒரே தோற்றத்தில் இருப்பதால் முதுகில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வார்கள். ஒரு வாரம் பணி, பிறகு ஒரு வாரம் விடுதி அறையில் தனித்திருப்பு, அதன்பின் வீடு. வீட்டுக்கு வந்தால் கொல்லைப்புறத்தில் குளியல், தனித்தட்டு. அந்த ஆண்டு நோன்புப் பெருநாளன்று சன்னலுக்கு வெளியே நின்று பேரனைப் பார்த்துவிட்டுப் போனார். இவையெல்லாம் உடல்வருத்தம். உடல்வருத்தத்தை அவர் இன்றும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்.

சிரிக்காமல் சொல்வது 2021ஆம் ஆண்டு மே மாதத்தை. தமிழ்நாட்டில் ஒருநாள் தொற்று 36,000ஐத் தாண்டிய மாதம் அது. மருத்துவமனை வாயில்களில் நோயாளியை உள்ளே வைத்தபடியே ஆம்புலன்சுகள் வரிசையில் காத்துக்கிடந்தன. தமக்கையாரின் வார்டில் உடன் பணியாற்றும் இருவர்க்கு அன்று தொற்று கண்டுவிட்டது. முப்பது கட்டில்களுக்கு அவ்விரவு அவர் ஒருவரே மூத்த செவிலியர். உறவினர் உள்ளே வர இயலாமையால், எல்லா விசாரணையும் தொலைபேசி வழியே வரும். பதினொன்றாம் கட்டிலில் ஓர் அம்மையார். வெளியூரிலிருந்து மகன் பேசினார். தமக்கையார் ஒரு கையில் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்தபடி, மறுகையில் பிடித்த தொலைபேசியில், “நல்லா இருக்காங்க தம்பி, பயப்படாதீங்க” என்றார். இருபத்தைந்து ஆண்டுகளில் பல்லாயிரம் முறை சொன்ன சொல். வாய் தானே சொல்லிவிட்டது. அரைமணி நேரத்தில் அந்த அம்மையார் இறந்துபோனார். திரும்ப அழைத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பும் அவருக்கே வாய்த்தது. மறுமுனையில் மகன் கத்தவில்லை, ஏசவுமில்லை. “சிஸ்டர், நல்லா இருக்காங்கன்னு சொன்னீங்களே” என்று மட்டும் கேட்டாராம்.

இதை எம்மிடம் அவர் சொன்னது நிகழ்ந்து பதினான்கு திங்கள் கழித்து. மூச்சு எண்ணியதை யாம் கண்ட அந்த நாளின் மாலையில். அதுவரை, எப்படி இருக்கிறீர்கள் என்று யாம் கேட்கும்போதெல்லாம் அவர் சொன்ன விடை “நல்லா இருக்கேன்” என்பதே.

பின்னோக்கிப் பார்த்தால் அறிகுறிகள் பல இருந்தன. குக்கர் சீழ்க்கை அடித்தால் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடுவார். தொலைபேசி மணி அடித்தால் எடுக்க மாட்டார். யாரேனும் எடுத்துப் பேசி முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். உறவினர் திருமணங்களுக்குப் போவதை நிறுத்தினார். அற்பக் காரணத்துக்காக மகளிடம் சினந்து, பிறகு சமையலறையில் தனியே அமர்ந்திருப்பார். வயது, மாதவிடாய் நிற்கும் பருவம் என்று எமக்குள் ஏதேதோ காரணம் கற்பித்துக்கொண்டோம். சொற்களின் உட்பொருளைத் தேடுவதையே தொழிலாகக் கொண்ட எமக்கு, ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த தமக்கையின் வாய்ச்சொல்லில் ஐயம் தோன்றவில்லை என்பதை நாணத்துடன் இங்குப் பதிவு செய்கிறோம்.

நாணுவதற்கு இன்னொன்றும் உண்டு. அதே ஆண்டுத் தொடக்கத்தில் எம் ஊரில் ஓர் அமைப்பினர் ‘கொரோனா போராளி’களுக்குப் பாராட்டு விழா எடுத்தனர். வாழ்த்துமடல் எழுதும் பணி எம்மிடம் வந்தது. தமிழாசிரியரிடம் வாழ்த்துமடல் கேட்டால் என்ன கிடைக்கும் என்பது நீங்கள் அறிந்ததே. வெண்ணிற ஆடையில் வந்த தேவதையர், தம் உயிரைத் திரியாக்கி எரிந்த விளக்குகள், களைப்பறியாக் கரங்கள் என்று எதுகை மோனை சிந்தாமல் இரண்டு பக்கம் எழுதினோம். மேடையில் எம் குரலிலேயே படித்தோம். தமக்கையார்க்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இரவு வீடு திரும்பியதும் அந்தப் பொன்னாடையை நான்காக மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, “நீ எழுதினது அழகாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா அது நான் இல்லை” என்றார். அடக்கத்தால் சொல்கிறார் என்று யாம் எண்ணிக்கொண்டோம். பதினொன்றாம் கட்டிலைப் பற்றித் தெரிந்த பிறகுதான் அச்சொல்லின் பொருள் புலப்பட்டது. “அந்த மகன் அந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருந்தா, நான் எங்க போய் ஒளிஞ்சிருப்பேன்?” என்று பின்னர் ஒருநாள் கேட்டார். களைப்பறியாக் கரம் என்று எழுதி, களைத்தேன் என்று சொல்லும் வாயை நாம் அடைத்துவிடுகிறோம். தேவதைக்கு உறக்கம் வராமற்போனால் அவள் யாரிடம் போய் மருந்து கேட்பாள்?

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கும். நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனை ஊட்டும் உழைச்செல்வான். ஈராயிரம் ஆண்டுகட்கு அணித்தான ஒரு நூலில் அருகிருந்து பேணுவோர்க்கு மருத்துவனுக்கு நிகரான இடம் கிடைத்திருப்பதை வகுப்பில் பெருமையுடன் சொல்வோம். பரிமேலழகர் இந்நான்கையும் மேலும் நந்நான்காக விரித்து, உழைச்செல்வான்பால் இருக்க வேண்டியவை நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறு செய்யும் வல்லமை, அறிவு என்று உரைக்கிறார். ஆண்டுதோறும் நடத்திய இப்பகுதியை அந்த ஆண்டு நடத்தும்போதுதான் ஒன்று உறுத்திற்று. அவனிடமிருந்து வேண்டுவன நான்கு. அவனுக்கு வேண்டுவன எவை என்பதற்கு உரையில் இடமில்லை. உரையாசிரியரைக் குறை சொல்வது எம் கருத்தன்று. நம் வாழ்த்துமடல்களும் அந்த நான்கைத்தாமே திரும்பத் திரும்ப அடுக்குகின்றன?

அந்த மாலைக்குப் பின் இப்பொருள் குறித்துக் கிடைத்தவற்றைப் படிக்கலானோம். 2003ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் சார்ஸ் நோய் பரவியபோது பணியாற்றிய மருத்துவமனைப் பணியாளரை, அந்நோய் ஓய்ந்து ஓராண்டுக்கு மேலான பின்னர் ஆராய்ந்திருக்கிறார்கள். சார்ஸ் நோயாளிகளைப் பேணிய மருத்துவமனைகளில் இருந்தோரிடம், பேணாத மருத்துவமனைகளில் இருந்தோரைவிடச் சோர்வும் உளத்துயரும் மிகுந்திருந்தன. பலர் நோயாளியை நேரில் பேணும் பணியைக் குறைத்துக்கொண்டிருந்தனர். தமக்குத் தக்க பயிற்சியும் துணையும் கிடைத்தன என்று உணர்ந்தவர்களிடம் பாதிப்பு குறைந்திருந்தது. பேரிடர் நடக்கும்போது மனிதர் தாங்கிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். கை ஓய்ந்த பிறகே மனம் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் கோவிட் நெருக்கடிநிலை முடிவுற்றதாக அறிவித்தது 2023 மே 5ஆம் நாள். 2020 சனவரி முதல் 2021 மே வரை மட்டுமே உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரையிலான நலப்பணியாளர் இந்நோயால் இறந்திருக்கலாம் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களோடு தோள் சேர்ந்து நின்று பிழைத்தவர்கள் எத்தனை மடங்கு இருப்பார்கள்! அவர்களுக்கு மே 5 என்பது நாட்காட்டியில் இன்னொரு நாள். அன்றும் காலைப்பணி இருந்தது.

பதினொன்றாம் கட்டில் தமக்கையாரை ஏன் விடவில்லை என்பதற்கு எமக்கு ஒளி தந்தவர் இலக்கியத்தைத் துணைக்கொண்ட ஒரு மருத்துவர். அமெரிக்காவில் வியட்நாம் போர்வீரர்களுக்கு மனநல மருத்துவம் செய்துவந்த சோனதன் ஷே, அவ்வீரர்களின் துயரத்தை விளங்கிக்கொள்ள ஓமரின் இலியட் காப்பியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். 1994இல் அக்கிலீசையும் வியட்நாமையும் இணைத்து அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. அச்சம் ஒருவகைப் புண். தன் நெஞ்சறிந்த அறம் பிறழ்ந்த இடத்தில் தான் நிற்க நேர்ந்ததே என்பது வேறொரு புண். இரண்டாவதனை அறக்காயம் எனலாம். கட்டில் ஒன்று, தகுதியுடையோர் இருவர் என்னும் நிலையில் நின்ற மருத்துவர்க்கும், மகனுக்குப் பொய்யான ஆறுதல் சொல்லிவிட்டதாகக் கருதும் செவிலியர்க்கும் இருப்பது இக்காயமே. “உங்கள் மேல் தவறில்லை” என்று ஆயிரம் முறை சொன்னாலும் இது ஆறுவதில்லை. சொல்லிப் பார்த்தவர் யாம். நம்பத் தக்கோர் சூழ இருந்து, இடைமறிக்காமல், தீர்ப்பு உரைக்காமல் கேட்பதே இதன் மருந்துக்குத் தொடக்கம் என்பது ஷேயின் கருத்து.

எனினும் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டிவிடச் செய்யும் முறை ஒருகாலத்தில் பல நாடுகளில் பரவியிருந்தது. அதனால் பின்விளைவு தடுக்கப்படுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியதால் அது இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை. யாமும் தொடக்கத்தில் ஆர்வமிகுதியால், “சொல்லுங்கக்கா, சொன்னால் பாரம் குறையும்” என்று தொணதொணத்தோம். அவர் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். கேட்பது என்பது கேள்வி கேட்பதன்று என்பதை யாம் தாமதமாகக் கற்றோம்.

எம் குடும்பத்துப் பெரியவர்கள் வேறு வழி சொன்னார்கள். கண்ணேறு என்றார் ஒருவர். இறைநம்பிக்கையில் தளர்ச்சி வந்தவர்க்குத்தான் இப்படி ஆகும் என்றார் இன்னொருவர். அதை அவர் தமக்கையாரின் செவிபடவே சொன்னார். மே மாதம் முழுதும் காப்புடைக்குள் நின்று, யாருமற்று இறந்தவர்களின் காதில் அவரவர் சமயத்துக்கேற்ற இறைச்சொல்லைச் சொல்லி அனுப்பியவரிடம் நம்பிக்கைத் தளர்ச்சி என்பது எத்துணைக் கொடிய சொல்! எம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் பெரியவர்களைவிடத் தெளிவாக இருந்தார்கள். ஓதி ஊதிய தண்ணீரைத் தந்துவிட்டு, “இதையும் குடியுங்கள், நாளையே மருத்துவரிடமும் போங்கள், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது” என்றார்கள். பெரியவர்களுக்காக ஒரு செய்தியை இங்கே குறிக்கலாம். பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், 934இல், மறைந்த அபூ சைது அல்-பல்கீ என்னும் அறிஞர் உடல்நலம், உள்ளநலம் இரண்டையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். மருத்துவர்கள் உடலை மட்டும் நோக்கி உள்ளத்தை விட்டுவிடுகிறார்கள் என்று குறைபட்டார். காரணம் தெரிந்த துயரம், காரணம் தெரியாத துயரம் என்று பிரித்துக் காட்டியவரும் அவரே. ஆயிரம் ஆண்டுக்கு முன் நம்மவர் நோய் என்று கண்டதை இன்று நாம் நம்பிக்கைக் குறைவு என்போமாயின் யார் பின்தங்கியவர்?

மருத்துவரிடம் போவது என்று முடிவானதும் புதியதொரு சிக்கல் எழுந்தது. தம் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. ஆனால் புறநோயாளி வரிசையில் தம்மை யாரேனும் கண்டுவிட்டால், நாளை தாம் மருந்து கொடுக்கும்போது கை நடுங்குகிறதா என்று பார்ப்பார்களே என்பது அவர் அச்சம். ஆகவே பேருந்தில் இரண்டு மணிநேரத் தொலைவிலுள்ள வேறோர் ஊருக்குச் சென்றோம். முதல்முறை, பேருந்து நின்றதும் முகக்கவசத்தை எடுத்து அணிந்துகொண்டார். தொற்றுக்கு அஞ்சி அன்று.

இவ்வச்சம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க் நகரில் அவசரப்பிரிவு மருத்துவராக இருந்த லார்னா பிரீன் 2020 ஏப்ரலில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனநலச் சிகிச்சை பெற்றது தெரிந்தால் மருத்துவ உரிமம் போய்விடும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் கூறினர். நலப்பணியாளரின் மனநலம் காக்க அவர் பெயராலேயே ஒரு சட்டம் 2022 மார்ச்சில் அந்நாட்டில் கையெழுத்தாயிற்று. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சைத் தகவலை மறைவாகக் காக்கும் உரிமையை எல்லார்க்கும் தந்திருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ‘டெலி-மானஸ்’ சேவையில் 14416 என்னும் எண்ணுக்கு எவரும் எந்நேரமும் பேசலாம்; தமிழிலேயே பேசலாம். தமக்கையார்க்கு இவ்வெண் தெரியும். எத்தனையோ நோயாளிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். தாம் அழைத்ததில்லை.

மருத்துவர் மாத்திரை தந்தார். பேச்சுவழிச் சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்தார். உறக்கம் சிறிது சிறிதாகத் திரும்பியது. இரண்டாம் திங்களில் குக்கர் சத்தத்துக்கு அதிர்வது குறைந்தது. ஆனால் மருந்தைப் போலவே வேலை செய்த வேறொன்று உண்டு. தமக்கையாரின் மேலாளராக இருந்த மூத்த செவிலியர் அம்மையார், யாரும் சொல்லாமலே, மூன்று திங்களுக்கு அவருக்கு இரவுப்பணி வராதபடி பட்டியலைப் போட்டுத் தந்தார். காரணம் கேட்டவர்களிடம், “எனக்கு அப்படி வசதியாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னாராம். நாம் போர்த்திய பொன்னாடைகள் எல்லாவற்றையும் ஒரு தட்டிலும் அந்தப் பணிப்பட்டியலை மறுதட்டிலும் வைத்தால் எது தாழும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

மனநலம் என்றவுடன் யோகம், மூச்சுப்பயிற்சி, ஊக்கப்பேச்சு என்று பேசத் தொடங்குகிறோம். அவை தீயன அல்ல. ஆனால் உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் தன் நோய்ப்பட்டியலில் பணிச்சோர்வுக்கு இலக்கணம் எழுதியபோது அதனை நோய் என்று வைக்கவில்லை. முறையாகக் கையாளப்படாத, நாட்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வைத்தது. முப்பது கட்டிலுக்கு ஒருவர் என்னும் கணக்கு மாறாமல், அவ்வொருவர்க்கு மட்டும் மூச்சுப்பயிற்சி கற்பிப்பதில் என்ன நியாயம்? பெருந்தொற்றுக் காலத்தில் நம் மாநிலத்தில் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிக்கப்பட்டது. புத்தாண்டில் அவர்கள் தெருவில் அமர்ந்து போராடியதை நாளேடுகளில் கண்டோம். அவர்களில் பலர் இளம்பெண்கள். முதல் வேலையே தொற்றுநோய் வார்டு. தமக்கையார் அச்செய்தியைப் படித்த அன்று உண்ணவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தூய்மைப் பணியாளர், பிணவறை ஊழியர், கிராமச் செவிலியர் ஆகியோர் துயரமும் தனித்தனியே எழுதத் தக்கது.

மீண்டும் அகத்திணைக்கு வருவோம். தாய் என்று சிறப்பித்துச் சொல்லத் தக்கவள் செவிலியே என்று தொல்காப்பியர் களவியலில் ஒரு நூற்பா செய்திருக்கிறார். பாலைத்திணையில் மகள் உடன்போக்கில் சென்றபின், சுரத்தின் வழியே தேடி நடப்பவளும் செவிலியே. அவள் அழுகிறாள், எதிர்ப்படுவோரை நிறுத்திக் கேட்கிறாள். அவர்களும் நின்று, கேட்டு, விடை சொல்லிச் செல்கிறார்கள். நர்ஸ் என்பதற்குச் ‘செவிலியர்’ என்று தமிழில் பெயர் தேர்ந்தோர் நல்ல புலமையுடையவர்கள். பெயரைக் கொடுத்தோம், கூற்றைக் கொடுக்க மறந்தோம். அந்த 2022ஆம் ஆண்டு வகுப்பில், சற்று நேரம் நின்ற பிறகு, அம்மாணவரிடம், “ஆமாம் தம்பி, நர்ஸ்தான்” என்றே விடை சொன்னோம். தேர்வுத்தாளில் அவர் அப்படியே எழுதி வைத்தார், மதிப்பெண் குறைக்கவில்லை.

சென்ற ஆண்டு விடுமுறை நாளொன்றில் கலித்தொகையைப் பாடத்துக்காகப் புரட்டிக்கொண்டிருந்தோம். தமக்கையார் அருகில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்ன படிக்கிறாய் என்றார். பாலைக்கலியில் செவிலி சுரத்திடையே முக்கோல் ஏந்திய அந்தணரைக் கண்டு தன் மகளைப் பற்றிக் கேட்கும் பாடலின் பொருளைச் சொன்னோம். மலையில் பிறந்தாலும் சந்தனம் மலைக்குப் பயன்படுவதில்லை, கடலில் பிறந்தாலும் முத்து கடலுக்குப் பயன்படுவதில்லை, உன் மகளும் அத்தகையள், வருந்தாதே என்று அவர்கள் தேற்றுகிறார்கள் என்றோம். கீரையை ஆய்வதை நிறுத்தி முழுதும் கேட்டார்.

“அப்புறம் அந்தச் செவிலி வீட்டுக்குத் திரும்பினாளா?” என்றார்.

நூலை மறுபடி பார்த்தோம். அந்தணர் சொன்ன விடையோடு பாட்டு முடிந்துவிடுகிறது. அதை அவரிடம் சொன்னோம்.

“திரும்பித்தான் இருப்பா. மறுநாள் டூட்டி இருந்திருக்கும்ல” என்று சொல்லிவிட்டு, ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.